முளைகட்டின அவரைத் தண்ணீர்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது கதையாகப் பிறந்ததில்லை. சென்னையில் ஓர் உடல்நலப் பத்திரிகை என்னிடம் கட்டுரை கேட்டது. பார்க்கின்சன் நோயாளிகளுக்கு என்ன உணவு தரலாம், எப்போது தரலாம், எதைத் தரவே கூடாது, எல்லாம் இரண்டு பக்கத்துக்குள். நான் டாக்டர் இல்லை. கப்பல்களுக்குக் காய்கறி ஏற்றிவிடும் கம்பெனி ஒன்றில் வேலைக்கென்று அரபு நாட்டுக் கால்வாய்க்கரை ஊரான போர்ட் ஃபுவாதுக்கு வந்து, கம்பெனி மூடிய பிறகும் ஊர் திரும்பாமல் ஒட்டிக்கொண்டவள். ஆனால் என் வீட்டுக்கு நேர் கீழே ஒரு பார்க்கின்சன் நோயாளி இருந்தார். அவருக்குச் சமைத்துப் போடும் மனைவி இஹ்சான் தினமும் மேலே வந்து என்னிடம் புலம்பிக்கொண்டிருந்தாள். இதை எப்போதோ போனில் உளறிவைத்திருக்கிறேன்; அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

கட்டுரையை இப்படித் தொடங்கினேன்:

"பார்க்கின்சன் நோயாளியின் அன்றாட உணவில் புரதத்தின் பங்கு —"

இஹ்சான் கரண்டியோடு குறுக்கே வந்து நின்றாள். அடித்துவிட்டு மறுபடியும்:

"மலச்சிக்கலைத் தவிர்க்க நார்ச்சத்து மிகுந்த —"

"நார்ச்சத்தா? நீ என் புருஷனுக்கு எழுதறியா, மாட்டுக்குத் தீவனம் எழுதறியா?"

(அவள் அப்படிக் கேட்கவில்லை. அந்த நேரத்தில் அவள் கீழே வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஆனால் கேட்டிருந்தால் இப்படித்தான் கேட்டிருப்பாள். இந்தக் கதையில் அவள் பேசுவதில் பாதி இந்த வகை, மீதிப் பாதி நான் காதால் கேட்டது. எது எது என்று பிரித்துச் சொல்லச் சொல்லாதீர்கள். எனக்கே கலந்துபோய்விட்டது.)

கடைசியில் நான் அனுப்பியது இதன் முதல் பிரதியைத்தான். "எங்கள் வாசகர்களுக்குப் பயன்படாது" என்று திருப்பிவிட்டார்கள். சுருக்கென்று கோபம் வந்தது. ஆற அமர யோசித்தால் அவர்கள் சொன்னது சரி. இதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை, என்ன செய்ய.

2

ஷெஹாத்தா படகு ஓட்டியவர். போர்ட் சயீதுக்கும் போர்ட் ஃபுவாதுக்கும் நடுவே கால்வாயில் ஆளையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு போகிறதே பெரிய படகு, அதன் சுக்கானைப் பிடித்தவர். ஊரில் எல்லோருக்கும் அவர் 'ரயிஸ்', அதாவது கேப்டன். ஓய்வு பெறுவதற்கு முன்பே வலது கை நடுங்க ஆரம்பித்தது. எஞ்சின் அதிர்வு கையில் தங்கிவிட்டது என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு நடை சுருங்கியது, குரல் உள்ளே போனது, முகம் இறுகிவிட்டது. கடைசியில் சிரிக்காமல் கிண்டல் பேசுகிற ஆளாகிவிட்டார்.

மாத்திரை உண்டு. அது வேலை செய்யும்போது எழுந்து நடப்பார், தானே சாப்பிடுவார், அடுத்த வீட்டுக்காரனைத் திட்டுவார். வேலை செய்யாதபோது நாற்காலியில் சாத்திவைத்த மூட்டை.

மகள் நஷ்வாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இங்கே பெண்ணைப் பெற்றவனுக்குக் கல்யாணத்தில் இரண்டு வேலை. நிக்காஹ் எழுதும் ஷேக்கின் முன்னால் உட்கார்ந்து, மாப்பிள்ளையின் வலது கையைத் தன் வலது கையால் பற்றிக்கொள்ளவேண்டும். பற்றிய கைகளின் மேல் வெள்ளைக் கைக்குட்டையைப் போர்த்துவார்கள். ஷேக் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லிப் பெண்ணைக் கொடுக்கவேண்டும். அடுத்தது, சில வாரம் கழித்து அவள் புருஷன் வீட்டுக்குப் போகிற நாளில், கைகோத்துப் படியிறக்கிக் கூட்டிக்கொண்டு போய்க் காரில் உட்காரவைக்கவேண்டும். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அவர்கள் மூன்றாம் மாடி.

"இந்த ரெண்டையும் என் கையால, என் காலால செஞ்சுடணும் இஹ்சான். அப்புறம் உயிரெடுக்க வர்றவரு எப்ப வேணா வரட்டும்."

"வருவாரு, வருவாரு. இந்த எலும்புக்கா மூணு மாடி ஏறினேன்னு உன்னைத் திட்டிட்டுத் திரும்பிப் போயிடுவாரு."

(இஹ்சான் புருஷனை 'நீ' என்றுதான் பேசுவாள். இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான். தமிழில் படிப்பவர்களுக்குச் சங்கடமாக இருக்குமே என்று முதலில் 'நீங்க' போட்டுப் பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டு மூலையில் நிற்கிற வேறு யாரோ ஒரு பெண் வந்துவிட்டாள். எடுத்துவிட்டேன்.)

ஆக, கதைக்கு வேண்டியது இவ்வளவுதான்: ஒரு கை, ஒரு படிக்கட்டு. வேறு எதையும் தேடி அலையாதீர்கள்.

3

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் ஹயாம். இளம்பெண். இஹ்சானுக்கு ஓர் எதிரி வேண்டுமே என்று முதலில் அவளை விறைப்பான ஆளாக எழுதினேன். ஆனால் அவள் நிஜமாகவே நல்லவள். கதைக்கு அது எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்று எழுதுகிறவர்களுக்குத் தெரியும்.

ஹயாம் இஹ்சானிடம் பேசவில்லை. ஷெஹாத்தாவிடம்தான் பேசினாள்.

"ரயிஸ், உங்க படகு புறப்படப் போகுது. மீன் லாரி ஒண்ணு வருது, ஆம்புலன்ஸ் ஒண்ணும் வருது. இடம் ஒரு வண்டிக்குத்தான் இருக்கு. எதை ஏத்துவீங்க?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா? ஆம்புலன்ஸை."

"லாரிக்காரன் கத்துவானே."

"கத்தட்டும். அவன் பொறந்ததுலேருந்து கத்தறவன்தான்."

"உங்க மாத்திரைதான் அந்த ஆம்புலன்ஸ். மீன், கறி, முட்டை, சீஸ், காலையில சாப்பிடற ஃபூல் அவரை எல்லாம் லாரி. குடல்லேருந்து ரத்தத்துக்குப் போகவும், ரத்தத்துலேருந்து மூளைக்குப் போகவும் ரெண்டும் ஒரே படகுலதான் ஏறணும். சேர்ந்து வந்தா லாரி இடத்தைப் பிடிச்சுக்கும். மாத்திரை கரையிலேயே நிக்கும்."

ஷெஹாத்தாவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. தன் உடம்பைப் பற்றி இத்தனை வருஷத்தில் யாரும் தன் மொழியில் சொன்னதில்லை என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாராம். சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் மாத்திரை. பகல் முழுக்கச் சோறு, ரொட்டி, காய், பழம். மீனும் கறியும் ராத்திரிச் சாப்பாட்டில். "அடியோட நிறுத்திடாதீங்க, ஆள் காத்துல பறந்துடுவாரு. நேரத்தை மட்டும் மாத்துங்க," என்றாள் ஹயாம்.

சுலபமாகச் சொல்லிவிட்டாள். இங்கே சாப்பாடு என்றாலே பகல் சாப்பாடுதான். மூன்று மணிக்கு வீடே கூடி உட்காரும், நடுவில் மீன் இருக்கும். ராத்திரி என்பது ஒரு துண்டு சீஸும் தேநீரும். பகலில் புருஷன் தட்டில் மீன் வைக்காத பெண்டாட்டியை என்னவென்று சொல்வார்கள்?

"அவரு கத்தரிக்காயைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க, நான் எப்படிம்மா மீன் திங்கறது?" என்றாள் இஹ்சான்.

"நீங்களும் ராத்திரியே சாப்பிடுங்க."

அப்படியே செய்தாள். நஷ்வாவும் செய்தாள். கடலும் கால்வாயும் சுற்றியிருக்கிற ஊரில் அந்த ஒரு வீட்டில் மட்டும் பகலில் மீன் வாசனை நின்றுபோனது. மாத்திரை கொஞ்சம் சொன்னபடி கேட்க ஆரம்பித்தது. ஆனால் ஷெஹாத்தா மெலிந்தார். ராத்திரியில் அவருக்கு மென்று விழுங்கவே தெம்பிருக்காது. பாதி மீன் தட்டிலேயே கிடக்கும். இஹ்சான் முள்ளை எடுத்து, மசித்து, எலுமிச்சை பிழிந்து ஊட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். அவர் தொண்டையில் சிக்கி இருமும்போதெல்லாம் இவளுக்கு உயிர் போய் உயிர் வரும்.

4

ஒரு வெள்ளிக்கிழமை ஷெஹாத்தாவின் அக்கா ஸக்கியா வந்தாள், புருஷன் ஃபத்ஹியோடு. அம்மா இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். தவிடு பூசிச் சுட்ட மடவை மீன் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்திருந்தாள். எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

"இது என்னடி இஹ்சான்? என் தம்பி தட்டுல ஒரு முள்ளுகூட இல்ல."

"அவருக்கு ராத்திரிக்கு எடுத்து வெச்சிருக்கேன் அண்ணி. டாக்டரம்மா அப்படித்தான் சொன்னாங்க."

"ராத்திரியில மீன் திங்கறது பூனை. என் தம்பி பூனையா?"

"மியாவ்," என்றார் ஷெஹாத்தா, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல்.

ஸக்கியா சிரிக்கவில்லை. நல்ல சதையாகப் பார்த்து எடுத்து, முள் நீக்கி, ரொட்டியில் சுருட்டித் தன் கையால் அவர் வாய்க்கு நேரே நீட்டினாள். வளர்த்தவள் கையால் நீட்டுகிற கவளத்துக்கு இங்கே யாரும் வாயை மூடுவதில்லை. மூடினால் அது அவள் முகத்தில் கதவை அறைந்து சாத்துவது போல. ஷெஹாத்தா இஹ்சானைப் பார்த்தார். இஹ்சான் தட்டைப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார். அப்புறம் இன்னொரு கவளம், இன்னொன்று.

இஹ்சான் ஏன் தடுக்கவில்லை? மூன்று பிரதிகளில் மூன்று காரணம் எழுதினேன். மரியாதை, பயம், களைப்பு. எதுவும் ஒட்டவில்லை. நான் நினைப்பது இதுதான்: அவர் மென்று தின்பதைப் பார்க்க அவளுக்கே ஆசையாக இருந்திருக்கும்.

சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் அவர் குளியலறைக்கு எழுந்தார். வாசற்படிவரை போனார். அங்கே கால் ஒட்டிக்கொண்டுவிட்டது. நெற்றி வேர்க்க நின்றார், நின்றுகொண்டே இருந்தார். போய்ச் சேரமுடியவில்லை. இதற்கு மேல் அதை நான் விவரிக்கப் போவதில்லை.

ஸக்கியா மாரில் அடித்துக்கொண்டாள். "பாத்தியா, உடம்புல சத்துங்கறதே இல்ல! பட்டினி போட்டே என் தம்பியைத் தீர்த்துடுவே நீ!"

அன்றைக்கு மேலே என் அடுப்படியில் வந்து உட்கார்ந்து இஹ்சான் அழுதாள். "கல்யாணம் ஆன நாள்லேருந்து அந்த ஆளு வயித்தைத் தவிர எனக்கு வேற நெனப்பே கிடையாது. கடைசியில பட்டினி போடறவள்னு பேர் வாங்கிட்டேன்," என்றாள். தேநீர் போட்டேன்.

5

(இங்கே கட்டுரைப் பகுதி ஒன்று இருந்தது. அமினோ அமிலங்கள், குடல் இயக்கம், நீர் அருந்தும் அளவு. தூக்கிவிட்டேன். நல்ல பகுதிதான்.)

"மீன் கூடாது, கறி கூடாது, சரி. நோயாளிக்கு முளைகட்டின அவரைத் தண்ணியுமாடி கூடாது?" என்று ஸக்கியா போனில் கேட்டாள்.

இங்கே யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் இதுதான். ஃபூல் அவரையை ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, முளை விட்டதும் பூண்டும் சீரகமும் போட்டுக் கொதிக்கவைத்து, எலுமிச்சை பிழிந்து கொடுப்பார்கள். காலையில் எண்ணெய் விட்டுக் குழைத்துச் சாப்பிடுகிற ஃபூலை ஹயாம் வேண்டாமென்று சொல்லியிருந்தாள். அதை இஹ்சான் என்றைக்கோ நிறுத்திவிட்டாள். ஆனால் இது சாப்பாடே இல்லையே, நோயாளித் தண்ணீர் ஆயிற்றே! நம் ஊரில் ரசம் குடித்தவனைப் பார்த்துப் பருப்பு தின்றாயா என்று யாராவது கேட்போமா? அதே மாதிரிதான். போதாக்குறைக்கு அவள் கொட்டையை வடிகட்டிவிட்டுத் தெளிந்த தண்ணீரை மட்டும் கொடுத்தாள். டாக்டரம்மாவிடம் கேட்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. எனக்கும் தோன்றவில்லை. நான்தான் கட்டுரை எழுதப்போகிற ஆள்!

ஒரு கிண்ணம், பகலில், மாத்திரைக்குப் பிறகு.

"ஏய் எழுத்துக்காரி! கீழ வா, வந்து பாரு!" என்று படிக்கட்டிலேயே நின்று கத்தினாள் ஒருநாள்.

போய்ப் பார்த்தால் ஷெஹாத்தா கண்ணாடி முன்னால் நின்று தானே சவரம் செய்துகொண்டிருந்தார். பிறகு பால்கனிக்கு நடந்தார். தூரத்தில் படகு கரையில் இடித்து நின்றதைப் பார்த்து, "கழுதை ஓட்டப் போகவேண்டியவனையெல்லாம் சுக்கான்ல உக்காத்தி வெச்சிருக்கானுங்க," என்று திட்டினார். எனக்குத் தேநீர் ஊற்றினார், தன் கையால். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

"என்ன பாக்கறே? டிக்கெட் வாங்கினியா?" என்றார்.

நஷ்வா அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். இஹ்சான் மட்டும் அழவில்லை. அடுப்படிக்குப் போய் இன்னும் ஒரு கூடை அவரையை ஊறப்போட்டாள்.

கெட்டிக்காரியாக இருந்திருந்தால் இங்கேயே கதையை முடித்திருப்பேன். பத்திரிகையும் போட்டிருக்கும்.

6

நிக்காஹ். வீட்டிலேயே, அஸர் என்கிற பிற்பகல் தொழுகைக்குப் பிறகு.

முதல் பிரதி: "கைக்குட்டைக்குக் கீழே ஷெஹாத்தாவின் கை ஆடவில்லை, அசையவில்லை, ஷேக் வாய் திறந்து —"

பொய். அடித்துவிட்டேன்.

இரண்டாம் பிரதி: அவர் கை நடுங்குகிறது. இஹ்சான் பெண்கள் கூட்டத்தை விட்டு விடுவிடுவென்று நடந்து வந்து, அவர் கையையும் மாப்பிள்ளை கையையும் சேர்த்துத் தன் இரண்டு கைகளால் பொத்திக்கொள்கிறாள். ஷேக் முகம் சுளிக்கிறார். "நீங்க ஓதுங்க ஷேக். கல்யாணம் என் பொண்ணுக்குத்தானே, உங்களுக்கு இல்லையே?" என்கிறாள். அறையே சிரிக்கிறது.

உங்களுக்குப் பிடித்திருக்கிறது, தெரியும். எனக்கும் பிடித்திருந்தது. ரொம்ப நாள் வைத்திருந்தேன். ஆனால் நான் அன்றைக்கு அறைக்கு வெளியே நடையில் பெண்களோடு நின்றேன். இஹ்சான் என் பக்கத்தில் நின்றாள், என் மணிக்கட்டைப் பிடித்தபடி. அவள் நகரவில்லை.

நடந்தது இது. ஒரு கிண்ணத்துக்கே இவ்வளவு என்றால் மூன்று கிண்ணத்துக்கு எவ்வளவு என்று இஹ்சானின் மனசு போட்ட கணக்கு. காலையில் ஒன்று, பகலில் ஒன்று, ஷேக் வருவதற்கு முன்னால் ஒன்று. மாத்திரைகளும் பிசகாமல். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டாள். "இன்னிக்கு இந்தப் படகுல ஒரு லாரி ஏறக்கூடாது," என்று அவருக்கு வெறும் சோறும் பூசணியும்தான் கொடுத்தாள்.

ஷெஹாத்தா தொளதொள கோட்டில் தானே நடந்து வந்து உட்கார்ந்தார். ஸக்கியா புருஷன் ஃபத்ஹி எழுந்து நின்று அவர் தோளைத் தட்டினார். மாப்பிள்ளை கையை நீட்டினான்.

முதலில் தோள் ஒரு பக்கமாகத் திருகியது. பிறகு கழுத்து. பிறகு இடுப்பிலிருந்து கால்வரை எல்லாம். அது நடுக்கமில்லை. நடுக்கத்தை எல்லோரும் பார்த்துப் பழகியிருந்தார்கள். இது வேறு. யாரோ உள்ளே இருந்துகொண்டு அவரை முறுக்கிப் பிழிவது போல இருந்தது. பற்றிய கை வழுக்கிக்கொண்டு போய்விட்டது. கைக்குட்டை விழுந்தது. மாப்பிள்ளை குனிந்து எடுத்துப் போர்த்தினான். மறுபடியும் விழுந்தது. ஷேக் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பார்த்ததற்கு வெட்கப்பட்டுக் கையை இறக்கிக்கொண்டார். அவருக்கு வேறு வீட்டில் இன்னொரு நிக்காஹ் எழுதவேண்டியிருந்தது.

"கொஞ்சம் காத்திருங்களேன்! என்ன அப்படி அவசரம்?" நஷ்வாதான் உள்ளேயிருந்து கத்தினாள்.

ஷெஹாத்தா கையை இழுத்து முழங்கால்களுக்கு நடுவே வைத்து அழுத்திக்கொண்டார். "ஃபத்ஹி, இங்க வந்து உக்காரு. நான் சொல்றேன், என் சார்பா நீ குடு," என்றார். ரொம்ப காலமாக யாரும் கேட்டிராத தெளிவான குரல். அதுவும் அந்தத் தண்ணீர் கொடுத்ததுதான்.

ஃபத்ஹி உட்கார்ந்தார். ஓதினார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். இடாமல் இருக்கமுடியுமா?

பிறகு சாப்பாட்டு மேஜையில் ஷெஹாத்தா குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார்.

"அந்தப் பசங்களுக்கு முதல்ல போடு இஹ்சான். எவ்வளவு நேரமா உக்காந்திருக்குங்க, பாவம்."

அங்கே குழந்தைகள் யாரும் இல்லை. ஸக்கியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இஹ்சான் அவளைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டாள். இஹ்சான் ஒரு தட்டை எடுத்து, சோறு போட்டு, கறி போட்டு, குனிந்து மேஜைக்கு அடியில் வைத்தாள்.

"போட்டாச்சு. சாப்பிடறாங்க," என்றாள்.

(இந்த இடத்தை மட்டும் நான் திருத்தவே இல்லை.)

7

"புதுசா என்ன குடுத்தீங்க?" என்றாள் ஹயாம், நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு.

"ஒண்ணுமில்லம்மா. மீனைக் கண்ணுலகூடக் காட்டல, சத்தியமா."

"வேற என்ன?"

"வெறும் தண்ணி. முளைகட்டின அவரைத் தண்ணி."

ஹயாம் கண்ணை மூடிக்கொண்டாள். திட்டுவாள் என்று இஹ்சான் காத்திருந்தாள். திட்டவில்லை. அந்த அவரையில், முளைவிட்டால் இன்னும் அதிகமாக, அவர் மாத்திரையில் இருக்கிற அதே மருந்து இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னாள்.

"அப்ப நான் குடுத்தது மருந்துதானே?"

"மருந்துதான். எவ்வளவுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு பானையில இருக்கறது இன்னொரு பானையில இருக்காது. அதான் ஆபத்து. ஆட்டமும் அதுதான், அந்தப் பசங்களும் அதுதான்."

"ஆம்புலன்ஸ் மேல ஆம்புலன்ஸா ஏத்திட்டா, டாக்டரம்மா," என்றார் ஷெஹாத்தா. "படகு சாஞ்சிடுச்சு."

இனி அந்தத் தண்ணீர் கூடவே கூடாது. இஹ்சான் சரி என்றாள். கதவுவரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். "அப்ப அந்தச் சவரம் பண்ணிக்கிட்ட நாளெல்லாம்? அதுவும் பொய்யா?" என்று கேட்டாள். பொய்யில்லை என்றாள் ஹயாம். அதைக் கேட்டுத்தான் இஹ்சானுக்கு அழுகை வந்ததாம்.

8

தண்ணீர் நின்றது. ஆட்டம் நின்றது, மேஜைக்கடியில் பசங்களும் போய்விட்டார்கள். ஷெஹாத்தா பழைய நிலைக்குத் திரும்புவார் என்று எதிர்பார்த்தோம். அதற்கும் கீழே போனார். மாத்திரை வேலை செய்கிற நேரம் குறைந்துகொண்டே வந்தது. சோற்றை மசித்தாள், தேநீரைக்கூடக் கெட்டியாக்கிக் கொடுத்தாள். ஊட்டுவதற்கே பகல் சரியாகப் போயிற்று.

நஷ்வா புருஷன் வீட்டுக்குப் போகும் நாள் நெருங்கியது. கை போயிற்று. படிக்கட்டு இருக்கிறது.

"அந்தத் தண்ணியக் குடு," என்றார் ஷெஹாத்தா.

"போன தடவை பட்டது போதாதா உனக்கு?"

"கைதானே போச்சு. கால் இருக்கில்ல."

"படியில ஆட்டம் வந்தா உருண்டு விழுவே. பொண்ணையும் சேத்து இழுத்துட்டு விழுவே."

"வராட்டி?"

இஹ்சான் அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

"குடுக்காட்டி என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். நாற்காலியோட என்னைத் தூக்கிட்டு இறங்குவானுங்க, அலமாரியை இறக்கற மாதிரி. என் பொண்ணு பின்னால தனியா வருவா. இஹ்சான், ஊர் என்ன வேணா பேசட்டும், நீ என்னைப் பட்டினி போடலேன்னு எனக்குத் தெரியும். ஆனா இதைக் குடுக்காட்டி அதுதான் பட்டினி."

இவ்வளவு நீளமாக அவர் பேசவில்லை. அவரால் முடியாது. ஒவ்வொரு சொல்லாக, நடுவில் எச்சிலைத் துடைத்துத் துடைத்து, இஹ்சான் காதை வாயருகே வைத்துக் கேட்டதை நான் கோத்திருக்கிறேன்.

ஹயாமிடம் கேட்கலாமே என்றேன். "அவ என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியாதா? கூடாதும்பா. அவளுக்கு அவர் உசிரோட இருந்தா போதும்," என்றாள். பிறகு, "எனக்கும் அதுதானே வேணும்," என்றாள்.

அவள் அடுப்படியில் ஈரத்துணி மூட்டை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே அவரை முளைவிட்டிருந்தது.

"குடுக்கறதுக்கு இல்ல. சும்மா, இருக்கட்டும்னு," என்றாள் என் முகத்தைப் பார்க்காமல்.

முடிவு ஒன்று: அவள் கொடுக்கிறாள். ஷெஹாத்தா மகளின் கையைக் கோத்துக்கொண்டு மூன்று மாடியும் இறங்குகிறார். காரின் கதவைச் சாத்துகிறார். கார் தெருமுனை திரும்பும்வரை நிற்கிறார், அப்புறம் —

முடிவு இரண்டு: அவள் கொடுக்கிறாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் தோள் ஒரு பக்கமாகத் திருகுகிறது. நஷ்வா அப்பாவை விடாமல் —

முடிவு மூன்று: அவள் கொடுக்கவில்லை. நாற்காலியோடு தூக்குகிறார்கள். அவர் கண்ணை இறுக மூடிக்கொள்கிறார். அன்றிலிருந்து இஹ்சான் நீட்டுகிற கரண்டிக்கு அவர் வாய் —

நான்காவது முடிவை, ஒரே ஒரு கரண்டி அளந்து கொடுத்து எல்லாம் நல்லபடியாக நடந்ததாக எழுதச் சொன்னார் ஒரு நண்பர். அளக்கமுடியாது ஐயா! இத்தனை பக்கம் எதற்காக எழுதினேன்?

9

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்தப் படிக்கட்டில்தான் நின்றேன். சொல்லமாட்டேன்.

சொன்னால் என்ன செய்வீர்கள்? பத்திரமாக இறங்கினார் என்றால் இஹ்சான் தைரியசாலி என்பீர்கள். விழுந்தார் என்றால் புருஷனைக் கொன்றவள் என்பீர்கள். கொடுக்கவில்லை என்றால் பாவம், கல்மனசுக்காரி என்று ஒரு வார்த்தை. அடுப்புக்கு முன்னால் நின்றபோது இதில் ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியாதது உங்களுக்கு மட்டும் எதற்குத் தெரியவேண்டும்? எனக்கு இதில் ஆத்திரம்தான் வருகிறது. அவளுக்காக எழுத உட்கார்ந்தேன், அவளை நிறுத்தித் தீர்ப்புக் கேட்க அல்ல.

அதனால் இப்படிச் செய்கிறேன். இஹ்சானைக் கொஞ்ச நேரம் வெளியே அனுப்புகிறேன். மகளுக்குத் தலைமுக்காட்டைச் சரிசெய்துவிடட்டும், அவளும் ஒரு தாய்தானே. அடுப்படியில் நீங்கள் நில்லுங்கள்.

கீழே கார்கள் விடாமல் ஹாரன் அடிக்கின்றன. மாத்திரை கொடுத்தாயிற்று. கிண்ணத்தில் தண்ணீர் ஆறிக்கொண்டிருக்கிறது, சீரக வாசனையோடு. பார்க்க எந்த நோயாளியும் குடிக்கிற சாதாரணத் தண்ணீர் போலத்தான் இருக்கிறது. கதவு திறந்திருக்கிற அடுத்த அறையில் ஷெஹாத்தா கோட்டுப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். முகத்தை வைத்து அவர் என்ன நினைக்கிறார் என்று கண்டுபிடிக்கமுடியாது, அந்த முகம் எப்போதோ நின்றுவிட்டது. கிண்ணத்தை அவரால் பிடிக்கமுடியாது. கொடுப்பதானால் நீங்கள்தான் வாயருகே கொண்டுபோகவேண்டும்.

என்னைத் திரும்பிப் பார்க்காதீர்கள். அவர் வாயைத் திறந்துவிட்டார்.